சரக்குக் கதவு வழியாக வந்தவர்கள்

"எண்பது பேர் குளிக்க ஊரே தண்ணி காய வைக்கணுமா?" என்று குழுத் தலைவர் கேட்டார். கேட்டுவிட்டுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

கேள்வியில் தப்பில்லை. நகராட்சி நீச்சல் குளத்தின் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் அதன் கண்ணாடிக் கூரையை ஒழுகாமல் காப்பாற்றவும் வரிப்பணத்திலிருந்து வருடந்தோறும் ஒரு பெரிய துண்டு போய்க்கொண்டிருந்தது. அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் மருத்துவர் கடிதம் கொண்டுவருபவர்களுக்கும் அங்கே இலவசம். மற்றவர்களுக்குப் பாதி விலைச் சீட்டு. தலைவர் இரும்புக் கடை வைத்திருப்பவர். எந்தச் சாமான் எத்தனை மாதமாக அடுக்கில் தூசி பிடித்துக் கிடக்கிறது என்று பார்த்தே பழகிய கண். ஒரு நாளைக்கு நூறு பேராவது வந்தால் குளத்தை வைத்துக்கொள்வது, இல்லையென்றால் மூடிவிட்டு வண்டி நிறுத்தம் கட்டுவது என்று குழு யோசித்து வைத்திருந்தது. அங்கே போய் ஆறு நாள் உட்கார்ந்து, குளத்தால் ஊருக்கு என்ன பயன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை.

அப்போது நான் மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். அலுவலகத்தில் எனக்குப் பூட்டு என்று பெயர். அதற்கு முன்னால் நான் மதிப்பிட்டுக் கொடுத்த வாசகசாலை, பந்து மைதானம், பாட்டு அரங்கம் மூன்றையும் மூடிவிட்டார்கள். பூட்டு இன்றைக்கு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று ஓட்டுநர்கள் கேட்டுக்கொள்வது என் காதில் விழும். விழாதது போல் வண்டியில் ஏறிக்கொள்வேன். எண்ணினேன், எழுதினேன், அவ்வளவுதான்; சாவியைத் திருப்பியது நானா?

குளத்தின் முன்வாசலில் ஒரு சன்னல். அதற்குப் பின்னால் சீட்டுக் கொடுக்கும் பெண். ஊரே அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட. சன்னலை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மூன்று கைகளோடு ஓர் இரும்பு எந்திரம். ஒரு கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அடுத்த கை வந்து வழியை மறித்து நிற்கும். எந்திரத்தின் வயிற்றில் ஓர் எண் நகரும். அதற்கு முக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீரைச் சோதிக்கும் ஊழியர் மணிக்கொரு தரம் அந்த எண்ணைத் தாளில் குறித்து நகராட்சிக்கு அனுப்பிவிடுவார். அவருக்குத் தண்ணீரில் மருந்து சரியாக இருந்தால் போதும், வேறெதிலும் தலையிட மாட்டார். ஒரு வருடத் தாள்கள் என் பையில் இருந்தன. நாளொன்றுக்கு எண்பத்து மூன்று பேர்.

முதல் நாள் சீட்டக்கா என்னைக் கூரை ஒழுகலைப் பார்க்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள். நான் வாய் திறக்கும் முன்பே கையைப் பிடித்து இழுத்துப் போய், எங்கெங்கே சொட்டுகிறது, எந்த வாளி எந்தச் சொட்டுக்கு என்று காட்டி, மூன்று மனு எழுதிப் போட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நீங்களாவது வந்தீர்களே என்று முடித்தாள். நான் கூரைக்கு வரவில்லை, ஆட்களை எண்ண வந்திருக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எண்ணுவதென்றால் கால் கடுக்குமே என்று தன் முக்காலியைத் தந்தாள். அன்றைக்கெல்லாம் அவள் நின்றுகொண்டே சீட்டுக் கிழித்தாள்.

இரண்டு நாள் எண்ணினேன். என் எண்ணும் முக்கையின் எண்ணும் பிசகாமல் ஒத்துப்போயின. மனதுக்குள் அறிக்கை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. முதல் மணி நேரம் காலை ஆறுக்குத் தொடங்கும். தாளில் அந்த நேரத்துக்கு ஏழு அல்லது எட்டு என்றுதான் இருந்தது. ஏழு பேரைப் பார்க்க விடியும் முன் எழுந்து ஓடுவானேன் என்று அதை விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்குத்தான் போனேன்.

மூன்றாம் நாள் என்னைச் சீக்கிரமே வரவைத்தது என் மூக்குக் கண்ணாடி. முந்தைய நாள் சீட்டு சன்னலிலேயே மறந்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் காலைப் பத்திரிகையில் தலைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சரி, போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஆறரை மணிக்குப் போய் நின்றேன். சன்னலில் ஆள் இல்லை. என் கண்ணாடி ஒரு துண்டுத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். முக்கையில் ஏழு. தாள் பொய் சொல்லவில்லை என்ற திருப்தியோடு, சீட்டக்காவைத் தேடி உள்ளே போனேன்.

கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரின் மேல் லேசாக ஆவி. அந்த ஆவிக்குள் தலைகள். சுவரோரம் நின்று எண்ணினேன். நாற்பத்தொன்று. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் எண்ணினேன். அதே நாற்பத்தொன்று.

யாரும் நீந்தவில்லை. மார்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும் அங்கிருந்து இங்கேயுமாக, இரண்டு இரண்டு பேராக, கடைத்தெருவில் நடப்பது போலப் பேசிக்கொண்டே. கரையில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் வரிசையாக இருந்தன. கைத்தடிகள், நான்கு கால் ஊன்றுகோல்கள், இடுப்புப் பட்டைகள், சக்கர நாற்காலிகள் ஐந்து, ஷூவும் காலுறையும் போட்டபடியே ஒரு செயற்கைக் கால். ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறவர்களைப் போல அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் அங்கே இருந்தாள். முதுகு இடுப்போடு மடிந்துபோனவள். பத்து வருடமாகத் துணி கொடுத்து வாங்குகிறேன். அவள் உச்சி வகிட்டைத்தான் பார்த்திருக்கிறேன், முகத்தை நேராகப் பார்த்ததில்லை. தண்ணீரில் அவள் நிமிர்ந்து நின்றாள். ஈரக் கையால் முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்னைவிட உயரம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆழம் குறைந்த மூலையில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு முப்பது வயதிருக்கும். அவள் கைகால் அவள் பேச்சைக் கேட்காது. கரையில் அவளைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கே அவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். பிடரிக்குக் கீழே தாயின் ஒரே ஒரு விரல். அந்த ஒரு விரலில் முப்பது வருடப் பாரத்தை வைத்துக்கொண்டு, தாய் கண்ணை மூடியிருந்தாள். அவள் தூங்குகிறாளோ என்று பயந்து ஓரடி முன்னால் வைத்தேன். அருகே நடந்துகொண்டிருந்தவர் உதட்டில் விரல் வைத்து என்னை நிறுத்தினார்.

அவர் பழைய லாரி ஓட்டுநர். லாரியண்ணன் என்பார்கள். இடது பக்கம் முழுக்க விழுந்துபோனவர். வலது கையால் எதையும் பிடிக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து பழகிக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ் வருது, ஓரம் ஒதுங்குங்கம்மா" என்று தையலம்மாளை விரட்டினார். லைசென்ஸ் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கையில் பேனா இருந்தது; எழுத ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான் பின்பக்கம் சரக்குக் கதவு திறந்தது. மருந்துப் பீப்பாய்களை இறக்குவதற்கான அகலக் கதவு அது. சரக்கு வரும்போது தவிர வேறெதற்கும் திறக்கக் கூடாது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்த வழியாக ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சீட்டக்கா வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

எனக்குள்ளிருந்த பூட்டு விழித்துக்கொண்டது. முக்கையில் ஏழு, தண்ணீரில் நாற்பத்தொன்று. நடுவில் முப்பத்து நான்கு பேர். காசு வாங்கிக்கொண்டு பின்வழியாக விடுகிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாய்விட்டும் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. இவர்கள் எல்லோருக்கும் இலவசம்தானே, இவர்களிடம் நான் எதை வாங்க என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, நாற்காலியில் இருந்தவரைப் படியில் இறக்கிவிட்டு வந்து சொன்னாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த இரும்புக் கைகளை மாட்டினார்களாம். மறுநாளே லாரியண்ணன் வந்தார். ஒரு பக்கம் விழுந்த ஆள். ஒரு கையைத் தள்ளுவதற்குள் பின்னால் வந்த கை இடுப்பில் இடித்து, ஆள் தரையில். தலை தரையில் மோதிய சத்தம் சன்னலுக்குள் கேட்டது. அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, நேரே போய்ச் சரக்குக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்தாள். நாளையிலிருந்து இப்படி வாருங்கள் என்றாள். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அவர் வேறொருவரிடம். வேகமாக நீந்துகிறவர்கள் ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்பதால் முதல் மணி நேரம் இவர்களுக்கென்று ஆகிப்போனது. காசு புழங்காததால் யாருக்கும் கண்ணில் படவில்லை.

"அக்கா," என்றேன். அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இவங்க யாருமே கணக்குல இல்லையே."

எந்தக் கணக்கு என்றாள். முக்கையில் ஓடும் எண்தான் நகராட்சிக்குப் போகிறது, அதை வைத்துத்தான் குளம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள், ஒரு வருடமாக நூறுக்குக் கீழேயே நிற்கிறது என்று சொன்னேன்.

"எண்ணறதுக்கா அது?" என்றாள் மெதுவாக. "சீட்டு வாங்காம ஓடறவங்கள மறிக்கத்தான்னு நெனச்சேன்."

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீருக்குள் பேச்சும் சிரிப்பும் நடந்துகொண்டிருந்தன. அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இத்தனை பேரையும் நானே என் கையால அழிச்சிருக்கேன் மேடம்."

நானும் அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மை.

அன்று மதியம் ஒரு குறுக்கு வழி சொன்னேன். முதல் மணி நேரத்தில் மேலும் நாற்பது பேர் வரை வருவதாகத் தெரிகிறது என்று பட்டும் படாமலும் எழுதுகிறேன். எப்படி வருகிறார்கள் என்பதை விட்டுவிடலாம். அவளுக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. பதினோரு வருடம் விதியை மீறிக் கதவு திறந்தாள் என்று தெரிந்தால், வருகிற ஓய்வூதியத்துக்கே உலை வைத்துவிடுவார்கள். அவள் தம்பியும் நகராட்சியில்தான் வேலை பார்த்தான். செய்தி கேள்விப்பட்டு ஓடி வந்து, வாயை மூடிக்கொண்டு நான்கு மாதத்தை ஓட்டு, குளம் போனால் உனக்கென்ன, வேறு சன்னலில் உட்கார வைப்பார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

எப்படி வந்தார்கள் என்று எழுதவில்லையென்றால் தலைவர் கேட்பாரா என்றாள். கேட்பார் என்றேன். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நீங்க எழுத வேணாம்," என்றாள். "நானே வந்து சொல்லிடறேன்."

குழு கூடியது திங்கட்கிழமை. நீள மேசை, தலைவரும் நான்கு உறுப்பினர்களும், ஆளுக்கொரு டீ. சீட்டக்கா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நான் என் அறிக்கையைப் படித்தேன். எந்திரத்தின்படி எண்பத்து மூன்று. காலை முதல் மணியில் நேரில் எண்ணியது, நான்கு நாள், ஏறக்குறைய நாற்பது கூடுதல். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டு அரங்கத்தை மூடப்போகிறார்கள் என்றதும் இரண்டு பேருந்து நிறைய ஆள் கொண்டுவந்து உட்கார வைத்தார்களே, உங்களுக்கு ஞாபகமில்லையா என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது. அதை அறிக்கையில் எழுதியதே நான்தான். நான்கு நாளில் முளைத்த நாற்பது பேரை எப்படி நம்புவது, பதிவேடு இருக்கிறதா என்றார்.

சீட்டக்கா பேசினாள். சரக்குக் கதவை அவள்தான் திறந்தாள் என்பதையும், எத்தனை வருடம் என்பதையும், ஏன் என்பதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. உறுப்பினர்களில் ஒருவர் விதிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"பதிவேடு?" என்றார் தலைவர் மறுபடி.

"இல்லைங்க ஐயா."

"பேராவது தெரியுமா?"

"பேர் கேட்டதில்லைங்க."

"பேரும் தெரியாது, ஏடும் இல்ல. அப்புறம் எத வச்சு நான் நம்பறது?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ஆளத் தெரியுங்களே," என்றாள். "சொல்லட்டுங்களா?"

சொல்லுங்கள் என்று அவர் கையசைத்தார், சட்டென்று முடிந்துவிடும் என்று நினைத்து.

"திங்கக்கெழமை ஆறு மணிக்கு முன்னாடியே கதவுக்கு வெளிய நிக்கறது ரொட்டிக்கடைக்காரர். சூட்டுல நின்னு நின்னு கால் வீங்கினவர். அவருக்குப் பின்னால ரெண்டு டீச்சர், அக்கா தங்கச்சி. அக்காவுக்கு முழங்கால், தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல, தொணைக்கு வர்றாங்க. ஆனா தங்கச்சிக்குத்தான் மனசு சரியில்லாம இருந்துச்சு, இப்ப தேவல. அப்புறம் தபால்காரர், இடுப்புல ஆப்ரேஷன் ஆனவர். மொதல்ல வந்தப்ப ரெண்டு பையன்கள் தூக்கிட்டு வந்தாங்க. ஆறாம் மாசம் ஒரு பையன். இப்ப தனியா, ஒரு தடி. தையலம்மா. லாரியண்ணன். கண்ணு தெரியாத ஒரு ஐயா, சுவத்தைத் தொட்டுக்கிட்டே போவாரு, எட்டாவது தூண்ல திரும்புவாரு. ஊமைப் பொண்ணும் அவங்கம்மாவும். பேசாதுன்னுதான் பேரு, தண்ணியில இறங்கினா அதுபாட்டுக்கு ராகம் இழுக்கும். அதக் கேக்கறதுக்குன்னே நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடிஞ்சு நேரா வரும்…"

ஒவ்வொரு ஆளுக்கும் நான் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். திங்கள் முடிந்து செவ்வாய் வந்தது. செவ்வாய்க்கு மட்டும் வருகிறவர்கள் யார், மழை பெய்தால் வராதவர்கள் யார், பென்ஷன் வாங்கப் போகும் நாளில் அரை மணி தாமதமாக வருகிறவர் யார் என்று வேகமுமில்லாமல் தயக்கமுமில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். கண் எதிர்ச்சுவரில் நின்றது. அந்தச் சுவரில் கதவு திறப்பதும் ஆட்கள் வருவதும் அவளுக்குத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றியது. புதன்கிழமையில் ஓர் உறுப்பினர், விரல் போன அந்தத் தச்சர் என் மனைவியின் சித்தப்பா என்றார், யாரிடம் என்றில்லாமல். இன்னொருவர் கைப்பேசியைக் குப்புற வைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் புரட்டுவதை நிறுத்தியிருந்தார். மேசைமேல் டீ ஆடை கட்டியது.

நான் பார்த்திருக்கும் பெரிய கட்டடங்கள், பாலங்கள் எதன் முன்னாலும் அப்படி மலைத்து நின்றதில்லை. ஒரு பெண், நான்கு அடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழித்தவள், ஓர் ஊரின் வலியை முழுக்க நாள்வாரியாக, ஆள்வாரியாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. இதை எடுத்துக் கொடு என்று கேட்கும் நாள் வருமென்று அவளுக்கும் தெரியாது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. சனிக்கிழமை முடிந்ததும் ஒரு மூச்சு விட்டாள். "ஆறு பேர் இப்ப இல்லைங்க. அவங்கள நான் சேத்துக்கல."

என் கோடுகள், வாரம் முழுக்க வருகிறவர்களை ஒரே தரம்தான் எண்ணி, நூற்றுப் பன்னிரண்டு. நாளொன்றுக்கு நாற்பது சொச்சம் என்பது சரியாக இருந்தது. தலைவரிடம் சொன்னேன். அவர் என் தாளைப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கலாமே அம்மா," என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வீட்டுக்கு வர்றவங்கள யாருங்க எழுதி வைப்பாங்க?"

தலைவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கடையில் சரக்குக்கு இடம் போதாதபோது விழிப்பதைப் போல விழித்தார். "கொளத்த மூடினா," என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார், "இத்தனை பேர நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

விதிப் புத்தகம் வைத்திருந்தவர் அதை மூடி வைத்தார்.

வெளியே நடையில் வந்தபோது சீட்டக்காவை மெல்லக் கேட்டேன். வியாழக்கிழமையில் ஒரு ஆளை விட்டுவிட்டாளே, நீல நிறப் பை வைத்துக்கொண்டு, தோளைத் தூக்க முடியாமல் ஓர் அம்மாள் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேனே என்றேன். அந்தம்மா வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வருகிறாள், கண் டாக்டரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வருகிறாள், அதைப் போய்ச் சபையில் சொல்லலாமா என்றாள். யார் வீட்டில் என்றேன். அவள் எங்களுக்குப் பின்னால் மூடியிருந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தலைவர் மட்டும்தான் இருந்தார். "அவர்கிட்ட நீங்களும் சொல்லிடாதீங்க," என்றாள்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. குளம் இருக்கும். இரும்புக் கைகள் போகும். சரக்குக் கதவே இனிப் பொதுவாசல், அதற்குச் சாய்தளம் போடப்படும். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. பதினோரு வருடம் விதியை மீறியதற்காகச் சீட்டு ஊழியரைத் தலைமை அலுவலகத்தின் வரி சன்னலுக்கு மாற்றியிருந்தார்கள். ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை; ஆனால் குளத்தில் இனி அவளுக்கு வேலை இல்லை.

எனக்கு ஆறவில்லை. நேரே தலைவரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறேன் என்று எழுந்தேன். அவள்தான் உட்கார வைத்தாள். கூடாது என்று எழுதி ஒட்டியிருந்ததைத் தெரிந்தே மீறியது தப்புத்தான், தப்புக்கு ஒரு தாள் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். கையெழுத்தும் போட்டாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. சன்னலில் இருந்த தன் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டாள். வாளிகள் எந்தச் சொட்டுக்கு எது என்று புதிதாக வந்தவரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் காலையில் குளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அலுவலக வேலையாக இல்லை. என் இடுப்புக்கு அந்தத் தண்ணீர் நன்றாக இருந்தது. தையலம்மாளோடு நடப்பேன், அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, புது வாசலில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. சீட்டக்கா. வரி சன்னல் பத்து மணிக்குத்தான் திறக்கும். புதிதாக வந்தவர் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காதவர். சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவள் பையைத் துழாவிக் காசு கொடுத்து ஒரு சீட்டு வாங்கினாள். அதைக் கிழிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

உடை மாற்றிக்கொண்டு படியருகே வந்து நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பதினோரு வருடத்தில் அவள் ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறங்கியதில்லை. சன்னலை விட்டு எப்படி இறங்குவாள்? எல்லாரையும் இறக்கிவிட்டவளுக்கு இறங்கத் தெரியவில்லை.

பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. லாரியண்ணன் தன் வலது கையை நீட்டினார். அது ஒன்றுதான் அவருக்கு நன்றாக இருந்த கை. அவள் பிடித்துக்கொண்டாள். தபால்காரரும் மூத்த டீச்சரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒரு படி. இன்னொன்று. தண்ணீர் முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, மார்புக்கு வந்தது. அங்கே நின்று, கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மெல்ல, யாரும் சொல்லாமலே, பிடியை விட்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியவில்லை. மூலையில் அந்தப் பெண் ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே கண்ணாடியில் வெயில் ஏறி, தண்ணீருக்கு அடியில் வலை வலையாக ஓடியது. அந்த வலை சீட்டக்காவின் தோளிலும் கையிலும் ஏறி ஏறி இறங்கியது. அவள் தன் கைகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கரையில் கிடந்த தடிகளையும் நாற்காலிகளையும் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா," என்றாள், "இதுக்குள்ளயா இத்தனை நாளா உங்கள எல்லாம் அனுப்பிக்கிட்டிருந்தேன்."